ரூட் கெனால் முடிந்த பல்லுக்கு அடுத்து என்ன? நிரப்பல், பகுதி உறை, முழு உறை: ஓர் ஒப்பீடு

ரூட் கெனால் சிகிச்சை முடிந்து வலி நின்றதும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கேப் நல்லது?" என்பதுதான். பல்லை மூடும் உறையைத்தான் கேப் என்கிறார்கள். சிர்கோனியாவா, பீங்கானா, உலோகமா என்று பொருளைப் பற்றிய விசாரணை உடனே தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பல்லில் சொத்தையில்லாத, விரிசலில்லாத பகுதி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? எந்தப் பக்கத்தில் மிஞ்சியிருக்கிறது? இதற்கு விடை தெரிந்தால் கேப் தேவையா என்பதே பல நேரங்களில் தெளிவாகிவிடும். இதைக் கேட்காமல் பொருளைத் தேர்ந்தெடுப்பவர்களில் சிலர், காப்பாற்றியிருக்கக்கூடிய பல்திசுவை வீணாகச் செதுக்கக் கொடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர், மூடியே ஆக வேண்டிய கடைவாய்ப் பல்லை வெறும் நிரப்பலோடு விட்டுவிட்டு, அது வேர்வரை பிளந்த பிறகு மருத்துவரிடம் ஓடுகிறார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடிய இழப்புகள்.

பல் ஏன் வலுவிழக்கிறது?

"நரம்பை எடுத்துவிட்டால் பல் உலர்ந்துவிடும், அதனால்தான் நொறுங்குகிறது" என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இதை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1992-இல் செட்ஜ்லி, மெஸ்ஸர் என்ற இருவர், ரூட் கெனால் செய்த 23 பற்களை, அதே மனிதர்களின் வாயில் மறுபக்கத்தில் இருந்த உயிருள்ள இணைப்பற்களோடு ஒப்பிட்டார்கள். கடினத்தன்மையில் மட்டும் சிறிய வேறுபாடு தெரிந்தது. உறுதியிலோ உடைவைத் தாங்கும் ஆற்றலிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நரம்பை இழந்ததால் மட்டும், எனாமல் என்னும் வெளிப்பூச்சுக்கு அடியில் உள்ள டென்டின் நொறுங்கும் பொருளாக மாறிவிடுவதில்லை.

அப்படியானால் இந்தப் பற்கள் ஏன் அதிகம் உடைகின்றன? 1989-இல் வெளியான ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆகியோரின் ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களை (கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையில் உள்ளவை) எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பல்லின் விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். ரூட் கெனாலுக்காகத் திறந்ததால் குறைந்தது சுமார் 5 விழுக்காடுதான். மெல்லும் பரப்பில் மட்டும் குழி எடுத்தபோது 20 விழுக்காடு குறைந்தது. முன்னும் பின்னும் பக்கத்துப் பற்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு சுவர்களையும் இழந்த பல்லில் குறைவு 63 விழுக்காடு. பல்லின் வலு அந்தப் பக்கச் சுவர்களில்தான் இருக்கிறது. அவை நிற்கும்வரை பல்லின் முகடுகள், அதாவது மெல்லும் பரப்பில் உள்ள மேடுகள், ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அவை போனபின் ஒவ்வொரு மெல்லலிலும் முகடுகள் வெளிப்புறமாக வளைகின்றன. அந்த வளைவு நாளடைவில் விரிசலாகிறது.

எனவே குற்றத்தின் பெரும்பகுதி சொத்தையையும், பழைய பெரிய நிரப்பல்களையும், முன்பே நேர்ந்த உடைவுகளையும் சேரும். ரூட் கெனால் தேவைப்படும் அளவுக்குக் கெட்ட பல் பெரும்பாலும் ஏற்கெனவே இந்தச் சுவர்களை இழந்த பல்லாகவே இருக்கும். கூடவே வேறு இரண்டு காரணங்களும் சிறிய அளவில் சேர்ந்துகொள்கின்றன. வேரின் உள்ளே உள்ள குழல்களைக் கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் டென்டினில் உள்ள கொலாஜன் புரதத்தைச் சற்றே சிதைக்கிறது. பற்கூழ் (பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக்குழாய்களும் கொண்ட மென்திசு) போன பல்லில் அழுத்தத்தை உணரும் திறனும் குறைந்துவிடுகிறது என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு. உயிருள்ள பல்லாக இருந்தால் "போதும், விட்டுவிடு" என்று எச்சரித்திருக்கும் சுமையில் இந்தப் பல் பேசாமல் இருந்துவிடலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருவருடைய மேல்தாடை முன்பல்லும் இன்னொருவருடைய கீழ்க் கடைவாய்ப் பல்லும் ஒரே சிகிச்சை பெற்றவை என்பதற்காக ஒரே மாதிரி மூடப்பட வேண்டியவை அல்ல. உறவினருக்கு என்ன போட்டார்கள் என்பது உங்கள் பல்லுக்கு வழிகாட்டி ஆகாது.

முன்பல்லுக்கு முழு உறை பெரும்பாலும் தேவையில்லை

1984-இல் சோரன்சனும் மார்ட்டினாஃபும் ரூட் கெனால் செய்த 1,273 பற்களின் கதியை ஆராய்ந்தார்கள். கடைவாய்ப் பற்களிலும் முன்கடைவாய்ப் பற்களிலும் முகடுகளை மூடும் உறை வெற்றியைத் தெளிவாக உயர்த்தியிருந்தது. முன்பற்களில் உறையால் அப்படி ஒரு நன்மை தெரியவில்லை. பற்களின் வேலையைப் பார்த்தால் இது வியப்பளிக்காது. கடைவாய்ப் பல் உணவை மேலிருந்து நசுக்குகிறது. அப்போது முகடுகளைப் பிரிக்கும் விசை எழுகிறது. முன்பல்லில் அப்படிப் பிரியக்கூடிய முகடுகள் இல்லை. அதன்மேல் சாய்வாகத்தான் விசை விழுகிறது. அது கழுத்துப் பகுதியில் பல்லை முறிக்கப் பார்க்கும். உறைக்காகச் சுற்றிலும் செதுக்கினால் ஏற்கெனவே உள்ளே குடைந்த அந்தக் கழுத்து இன்னும் மெலியும். மெல்லிய கீழ் வெட்டுப்பல்லை நினைத்துப் பாருங்கள். வெளியே ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் எஞ்சுவது ஈர்க்குச்சி கனத்துச் சுவர்தான்.

ஆகவே பின்பக்கத்தில் சிகிச்சைக்காகத் திறந்த துளை மட்டுமே இருக்கும் முன்பல்லை, நன்கு ஒட்டிய கம்போசிட் (பல்நிறப் பிசின்) நிரப்பலோடு விட்டுவிடலாம். நிறம் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் உறை போட வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் உள்வெளுப்பு முறையைப் பற்றிக் கேளுங்கள். சோடியம் பெர்போரேட்டைப் பல்லுக்குள் வைத்து மூடி, சில நாள் இடைவெளியில் மாற்றி மாற்றி வெளுக்கச் செய்யும் வழி அது. அதைச் செய்பவர் குழல்வாயை முதலில் இறுக்கமாக அடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்துப் பகுதியில் வேர் அரிக்கப்படும் ஆபத்து உண்டு. அடர்த்தியான ஹைட்ரஜன் பெராக்சைடையும் வெப்பத்தையும் சேர்த்துச் செய்த பழைய முறையில் இந்த ஆபத்து அதிகம். வெளுத்து முடித்த பின் நிரந்தர நிரப்பலுக்கு ஓரிரு வாரம் காத்திருக்க வேண்டும். பல்லில் தங்கிய ஆக்சிஜன், கம்போசிட் சரியாக ஒட்டுவதைத் தடுக்கும்.

இரண்டு பக்கமும் பெரிய நிரப்பல்கள் உள்ள முன்பல், பாதி உடைந்த முன்பல், இறுக்கமாகப் பல் கடிப்பவரின் முன்பல் ஆகியவை வேறு. அங்கே உறைக்கு நியாயம் உண்டு.

நிரப்பலோடு நிறுத்தலாமா?

கடைவாய்ப் பல்லில் இந்தக் கேள்விக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 2005-இல் நாகசிரியும் சிட்மோங்கொல்சுக்கும், ரூட் கெனால் செய்தபின் உறை போடாமல் விடப்பட்ட கடைவாய்ப் பற்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஓராண்டு தாக்குப்பிடித்தவை 96 விழுக்காடு, ஈராண்டு 88, ஐந்தாண்டு 36. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் ஆண்டு எல்லாம் நன்றாக இருப்பதால்தான் "கேப் இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறது" என்ற எண்ணம் வருகிறது. சரிவு பிறகு வருகிறது.

ஆனால் அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. பல்திசு மிக அதிகமாக எஞ்சியிருந்த கடைவாய்ப் பற்களில் ஐந்தாண்டு தாக்குப்பிடித்தவை 78 விழுக்காடு. அதாவது "உறை இல்லாவிட்டால் கட்டாயம் உடையும்" என்பதும் முழு உண்மையில்லை. கம்போசிட் நிரப்பிய பற்கள், அமால்கம் என்ற வெள்ளி நிற உலோகக் கலவை நிரப்பியவற்றைவிட நன்றாக நின்றன என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. ஒட்டும் பொருள் சுவர்களைச் சற்றே கட்டிப்பிடிக்கிறது. அமால்கம் ஒட்டுவதில்லை, குழியை அடைக்க மட்டும் செய்கிறது.

முன்கடைவாய்ப் பற்களைப் பற்றி 2002-இல் மன்னோச்சியின் குழு ஒரு சோதனை நடத்தியது. முகடுகள் பத்திரமாக இருந்த பற்களில், ஒரு பிரிவுக்கு நாரிழைப் போஸ்ட்டும் (வேருக்குள் வைக்கும் குச்சி) கம்போசிட்டும் மட்டும். மறு பிரிவுக்கு அவற்றின் மேல் உறையும். மூன்று ஆண்டுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி நின்றன. மூன்று ஆண்டு என்பது பல்லின் ஆயுளில் குறுகிய காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. உறைக்கும் நிரப்பலுக்கும் இடையிலான நேரடிச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த, மருத்துவச் சான்றுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வும், எது மேல் என்று தீர்ப்புச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. 

மறுபக்கத்தில், அக்விலினோவும் கேப்லனும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், உறையில்லாத பற்கள் உறையிட்டவற்றைவிட ஆறு மடங்கு விகிதத்தில் இழக்கப்பட்டன. இது பழைய பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு. நன்றாக நிற்கும் என்று தோன்றும் பல்லுக்கே மருத்துவர்கள் உறை போடுவார்கள். நம்பிக்கை இல்லாத பல்லை நிரப்பலோடு விட்டுவைப்பார்கள். அந்தச் சாய்வு ஆறு மடங்கில் ஒரு பகுதியை விளக்கும். முழுவதையும் விளக்கும் என்று நான் நம்பவில்லை.

என் கணக்கு இதுதான். கடைவாய்ப் பல்லில் இரண்டு பக்கச் சுவர்களும் நிற்கின்றன, துளை நடுவில் மட்டும் இருக்கிறது, விரிசல் இல்லை, இரவில் பல் கடிக்கும் பழக்கமும் இல்லை என்றால் கம்போசிட் நிரப்பல் போதும். ஒரு சுவர் போயிருந்தால் யோசிக்க வேண்டும். எதிரே கடிக்கும் பல், முகடுகளின் கனம், கடியின் வலு எல்லாம் கணக்கில் வரும். இரண்டு சுவர்களும் போயிருந்தால் முகடுகளை ஏதோ ஒரு விதத்தில் மூடியே ஆக வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை.

இங்கே அதிகம் பேசப்படாத ஓர் இடைவழி உண்டு. பலவீனமான முகடுகளை ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர்வரை தாழ்த்தி, அவற்றின் மேலும் கம்போசிட்டாலேயே மூடுவது. உள்ளே குறுநாரிழை கலந்த கம்போசிட்டை அடித்தளமாக வைத்து, மேலே வழக்கமான கம்போசிட்டைப் பூசுவதும் நடைமுறையில் இருக்கிறது. இழைகள் விரிசல் பரவுவதைத் தடுக்க உதவுகின்றன. உறைக்கு உடனே வழியில்லாதவருக்கும், ரூட் கெனாலின் விளைவைச் சில மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டிய பல்லுக்கும் இது மிக நல்ல வழி. தேய்மானமும் விளிம்பில் கறை படிவதும் இதன் குறைகள். பழுதானால் அதே இடத்தில் திருத்திக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல்.

பகுதி உறைக்கும் முழு உறைக்கும் இடையே

முழு உறைக்காகப் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். எவ்வளவு போகிறது என்று எடெல்ஹாஃப், சோரன்சன் இருவரும் 2002-இல் எடைபோட்டுப் பார்த்தார்கள். பின்பற்களில் பீங்கான் உறைகளுக்காக, ஈறுக்கு வெளியே தெரியும் பல்பகுதியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்குவரை இழக்கப்பட்டது. முகடுகளை மட்டும் மூடும் பகுதி உறைக்கு, மருத்துவர்கள் ஆன்லே என்று சொல்வதற்கு, இழப்பு கணிசமாகக் குறைவு.

வலுவிழந்த பல்லைக் காப்பதற்காகவே அதன் வலுவில் பெரும்பகுதியை அரைத்துத் தள்ளுவது என்னை எப்போதும் உறுத்துகிறது. கன்னப்பக்கச் சுவரும் நாக்குப்பக்கச் சுவரும் நல்ல கனத்தோடு நிற்கும் கடைவாய்ப் பல்லில் ஆன்லேயை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முகடுகளை மேலிருந்து மூடிவிட்டால் அவற்றைப் பிரிக்கும் விசை அடங்கிவிடும். சுற்றுச் சுவர்களைத் தொட வேண்டிய தேவை பல நேரங்களில் இல்லை. ஈறோரத்தில் விளிம்பு போகாததால் சுத்தம் செய்வதும் எளிது.

ஆனால் ஆன்லே ஒட்டுதலை நம்பி நிற்பது. விளிம்பைச் சுற்றி எனாமல் இருக்க வேண்டும். ஒட்டும்போது எச்சிலும் இரத்தமும் படாமல் ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்பைப் போட்டு ஒதுக்க முடிய வேண்டும். சொத்தை ஈறுக்குக் கீழே ஆழமாகப் போயிருந்தால், அல்லது சுற்றுச் சுவர்கள் காகிதம் போல மெலிந்திருந்தால், முழு உறையே பாதுகாப்பு. சிமென்ட்டின் பிடிப்பு மட்டுமன்றி பல்லின் வடிவமும் அதைத் தாங்குகிறது. ஈரத்தில் ஒட்டும் நிலையிலும் சற்றே பொறுத்துக்கொள்ளும். பழைய விரிசல்கள் பல திசைகளில் ஓடும் பல்லையும் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் உறையே ஓரளவு தடுத்து நிறுத்தும்.

இவை இரண்டுக்கும் நடுவில் எண்டோகிரவுன் என்று ஒன்று இருக்கிறது. பற்கூழ் இருந்த அறையையே பிடிமானமாகக் கொண்டு, மேல்மூடியும் அதைத் தாங்கும் உள்கட்டையும் ஒரே துண்டாக வார்க்கப்படுவது. 1990-களின் பிற்பகுதியில் பிண்டல், மோர்மன் ஆகியோர் இந்தப் பெயரில் இதை விவரித்தார்கள். உயரம் குறைந்த, அறை அகலமான கடைவாய்ப் பற்களுக்கு இது மிகப் பொருத்தம். போஸ்ட் தேவைப்படாது, வேரைக் குடைய வேண்டாம். முன்கடைவாய்ப் பல்லில் அறை சிறியது, ஒட்டும் பரப்பும் குறைவு. நெம்பும் விசைக்கு அது தாக்குப்பிடிப்பது குறைகிறது. அங்கே நான் இதைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவேன்.

மேல்தாடை முன்கடைவாய்ப் பற்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. இடுப்பு ஒடுங்கிய வேர், உயர்ந்த இரு முகடுகள், நடுவில் ஆழமான பள்ளம். ரூட் கெனால் செய்தபின் நெடுக்குவாட்டில் பிளப்பதில் இந்தப் பற்கள் முன்வரிசையில் நிற்கின்றன. ஒரு பக்கச் சுவர் போயிருந்தாலே இங்கே முகடுகளை மூடிவிடுவது நல்லது.

உறையின் பொருள்

பொருளைப் பற்றி இணையத்தில் எழுதப்படுவது மிக அதிகம். முடிவில் அதன் பங்கு குறைவு. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். லித்தியம் டைசிலிகேட் கண்ணாடிப் பீங்கானின் வளைவு வலிமை சுமார் 400 மெகாபாஸ்கல் (உடையாமல் தாங்கும் அழுத்தத்தின் அளவு). அமிலத்தால் பொறித்துப் பல்லோடு உறுதியாக ஒட்டலாம். நிறம் அழகாக இருக்கும். ஆன்லேவுக்கும் எண்டோகிரவுனுக்கும் இதுவே பொருத்தம். சிர்கோனியாவின் வழக்கமான வகை ஏறக்குறைய 1,000 மெகாபாஸ்கல் தாங்கும். மெல்லியதாகச் செய்யலாம் என்பதால் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும். ஒளி ஊடுருவும் புதுவகைச் சிர்கோனியா அழகில் முன்னேறியது, வலுவில் சற்றே பின்தங்கியது. சிர்கோனியாவை மெருகிட்டு வழுவழுப்பாக வைத்தால் எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காது. கடியைச் சரிசெய்ய உரசிவிட்டு மெருகிடாமல் விட்டால் தேய்க்கும். உரசிய பின் மெருகிட்டார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய உறை பல பத்தாண்டு அனுபவம் கொண்டது. பீங்கான் சில்லு பெயர்வதும் காலப்போக்கில் ஈறோரம் கருங்கோடு தெரிவதும் அதன் குறைகள். தங்கக் கலப்புலோக உறையைக் கேட்பவர்கள் இன்று அரிது. கண்ணுக்குத் தெரியாத கடைசிக் கடைவாய்ப் பல்லில், இடமும் குறைவாக இருந்தால், பல்லை மிகக் குறைவாகச் செதுக்கி எதிர்ப்பல்லிடமும் கருணையோடு நடந்துகொள்ளும் பொருள் அதுதான்.

போஸ்ட் பல்லை வலுப்படுத்தாது

"வேருக்குள் கம்பி வைத்து வலுவாக்கிவிடலாம்" என்ற பேச்சு இன்னும் கேட்கிறது. போஸ்ட்டின் வேலை வேறு. மேலே கட்டப்படும் உள்கட்டையைப் பிடித்துவைக்க இடமில்லாதபோது அதற்குப் பிடிமானம் தருவது, அவ்வளவுதான். அதை வைக்க வேரைக் குடையும்போது வேர் மெலிகிறது. கடைவாய்ப் பல்லில் பற்கூழ் அறையே பெரும்பாலும் போதிய பிடிமானம் தரும். போஸ்ட் தேவைப்படுவது அபூர்வம். முன்பல்லும் முன்கடைவாய்ப் பல்லும் பாதிக்குமேல் போயிருந்தால்தான் தேவை வரும்.

வைத்தே ஆக வேண்டுமென்றால் எது? எஃகுக் கம்பியின் விறைப்பு டென்டினைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. சுமை வரும்போது அது வளையாமல் நின்று விசையை வேரின் சுவரில் இறக்கிவிடும். நாரிழைப் போஸ்ட்டின் விறைப்பு டென்டினை நெருங்கியது. ஒரு நாள் தோற்றால் பெரும்பாலும் போஸ்ட் கழன்று வரும் அல்லது மேல்கட்டை உடையும், இரண்டையும் திருத்தலாம். உலோகப் போஸ்ட் தோற்கும்போது வேரே பிளந்தால் திருத்த ஒன்றுமிருக்காது. இதனால்தான் பெரும்பாலான சூழலில் நாரிழை பக்கம் சாய்கிறேன். குழல் முட்டைவடிவில் அகன்று, மேலே சுவரே இல்லாத பல்லுக்கு அளவெடுத்து வார்த்த உலோகப் போஸ்ட் இன்னும் பயன்படுகிறது. திருகி இறக்கும் போஸ்ட்டை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். திருகும்போதே வேரில் அழுத்தம் ஏறுகிறது. எந்தப் போஸ்ட் ஆனாலும் வேர்நுனியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் குட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற அடைப்பைத் தொடாமல் விட வேண்டும்.

போஸ்ட்டைவிடப் பன்மடங்கு முக்கியமானது ஃபெரூல். ஈறுக்கு மேலே சுற்றிலும் நல்ல பல்திசு 2 மில்லிமீட்டர் உயரமும் ஒரு மில்லிமீட்டர் கனமும் நின்று, அதை உறையின் விளிம்பு தழுவிப் பிடிக்க வேண்டும். மரச்சக்கரத்தைச் சுற்றி இறுக்கிய இரும்புப் பட்டை மரத்தைப் பிளக்க விடாமல் வைத்திருப்பது இதே வேலைதான். இந்த வளையம் இல்லாத பல்லில் எவ்வளவு உயர்ந்த போஸ்ட்டும் சிர்கோனியாவும் வைத்தாலும் நெம்பும் விசை நேராக வேரில் இறங்கும். முழுவட்டமும் கிடைக்காவிட்டால், விசை விழும் பக்கத்திலாவது இருப்பது ஒன்றுமே இல்லாததைவிட நல்லது.

எப்போது மூட வேண்டும்?

என்ன போடுவது என்ற குழப்பத்தில் எப்போது போடுவது என்பது மறந்துபோகிறது. தற்காலிக நிரப்பல் சில வாரங்களுக்கு மேல் கசிவைத் தடுக்காது. எச்சில் வழியே கிருமிகள் மேலிருந்து உள்ளே இறங்கினால், நேர்த்தியாகச் செய்த ரூட் கெனாலும் வீணாகும். 1995-இல் ரே, ட்ரோப் இருவரும் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தபோது, வேர்நுனியின் நலத்துக்குக் கீழே உள்ள குழல் அடைப்பின் தரத்தைவிட மேலே உள்ள நிரப்பலின் தரமே அதிகம் பொருட்படுவதாகக் கண்டார்கள். பின்வந்த ஆய்வுகள் இரண்டும் முக்கியம் என்று திருத்தின. மேல்மூடியை அலட்சியப்படுத்தலாம் என்று எதுவும் சொல்லவில்லை. 2016-இல் வெளியான ஓர் எட்டாண்டுப் பின்னோக்கு ஆய்வில், ரூட் கெனால் முடிந்து நான்கு மாதத்துக்குப் பின் உறை போட்ட பற்கள், அதற்குள் போட்டவற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகப் பிடுங்கப்பட்டிருந்தன.

இன்று முழு உறைக்கு வழியில்லை, ஆறு மாதம் கழித்துத்தான் முடியும் என்றால், அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் குழல்வாய்களை அடைத்து, முகடுகளைத் தாழ்த்தி, கம்போசிட்டால் மூடிவைக்கலாம். தற்காலிகப் பசையோடு ஆறு மாதம் திரிவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

ஃபெரூல் கிடைக்காத பல்

உடைவு ஈறுக்குக் கீழே போயிருந்தால் மூன்று வழிகள். ஈறையும் எலும்பையும் சற்றே குறைத்துப் பல்லை வெளிக்கொணர்வது ஒன்று. பக்கத்துப் பற்களின் எலும்பும் கொஞ்சம் போகும், முன்பல்லில் ஈறுவரி ஏறி அழகு கெடும். கம்பி கட்டிப் பல்லை மெதுவாக வெளியே இழுப்பது இன்னொன்று. மாதங்கள் பிடிக்கும், ஆனால் ஒற்றைவேர் முன்பல்லுக்கு மிக நேர்த்தியான வழி. ஈறோரத்தில் ஆழ்ந்த விளிம்பைக் கம்போசிட்டால் மேலே உயர்த்திவிட்டு அதன்மேல் ஆன்லே ஒட்டுவது மூன்றாவது. ஈரத்தை முழுமையாக ஒதுக்க முடிந்தால் மட்டுமே.

இவை எதுவும் பலிக்காத பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் குறுகலாகவும் ஆழமாகவும் ஈறுப்பை (பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளம்) இறங்கியிருந்தால் வேர் நெடுக்கில் பிளந்திருக்க வாய்ப்பு அதிகம். பற்கூழ் அறையின் தரைவரை விரிசல் ஓடினாலும் நம்பிக்கை குறைவு. அத்தகைய பல்லின் மேல் விலையுயர்ந்த உறையை வைப்பது நேர்மையான ஆலோசனை ஆகாது. அங்கே இம்பிளான்ட்டோ (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) பாலப்பல்லோ (பக்கத்துப் பற்களின் மேல் தாங்கி நிற்கும் பல்) பேசலாம். ஆனால் ஃபெரூல் உள்ள, வேர் நலமாக உள்ள பல்லை, "ரூட் கெனால் செய்தது எப்படியும் போய்விடும், இம்பிளான்ட் வைத்துவிடுங்கள்" என்று பிடுங்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 2004-இல் சலேராபி, ராட்ஸ்டீன் இருவரும் ஆராய்ந்த 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களில், எட்டு ஆண்டுகள் கழித்தும் 97 விழுக்காடு வாயில் இருந்தன. பிடுங்க நேர்ந்தவற்றில் 85 விழுக்காட்டுக்கு முழு உறை இருக்கவில்லை. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி அழுத்தத்தை உணரும் நார்ப்படலம் இருக்கிறது. இம்பிளான்ட்டுக்கு அது கிடையாது. தாடை வளர்ச்சி முடியாத வயதினருக்கு இம்பிளான்ட் வைக்கவும் கூடாது. அவர்களுடைய உடைந்த முன்பல்லைச் சில ஆண்டுகளுக்காவது காப்பாற்றி வைப்பதே பெரிய வெற்றி.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

செதுக்குவதற்கு முன்பே கேளுங்கள். பழைய நிரப்பலையும் சொத்தையையும் முழுவதும் நீக்கிய பின் எத்தனை சுவர்கள் நிற்கின்றன, எவ்வளவு கனத்தில்? சுற்றிலும் 2 மில்லிமீட்டர் கிடைக்கிறதா? விரிசல் தெரிகிறதா, உருப்பெருக்கியில் பார்த்தீர்களா? போஸ்ட் வைப்பதாகச் சொன்னால், அது இல்லாமல் உள்கட்டை ஏன் நிற்காது? முழு உறை என்றால், ஆன்லே ஏன் போதாது? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளால் எரிச்சல்பட மாட்டார். கண்ணாடியையோ படத்தையோ காட்டி விளக்குவார்.

இரவில் பல் கடிப்பவர்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் இரவுக் காப்புத் தட்டு அணிய வேண்டும். உறை போட்ட பல்லிலும் ஈறோரத்தில் சொத்தை வரும். நரம்பு இல்லாததால் வலித்துச் சொல்லாது, எக்ஸ்ரேதான் சொல்லும். முதல் ஓராண்டுக்குள் ஒருமுறையும் பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் படம் எடுத்துப் பாருங்கள். மென்றுவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் சுரீரென்று குத்தினாலோ, ஈறில் சிறு கொப்புளம் வந்து வந்து மறைந்தாலோ, உறை லேசாக அசைவதாகத் தோன்றினாலோ, அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.